ஆயாவுக்கு எத்தனை மெகாபிக்ஸல்?

திண்டிவனத்தில் என் அக்காவின் மாமியார் 2023-ல் காலமானார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணச் சாவு. மேளம், வெடி, பூப்பல்லக்கு எல்லாம் உண்டு. தெருமுனையில் வழக்கம்போல ‘கண்ணீர் அஞ்சலி’ ஃப்ளெக்ஸ், பத்தடி அகலத்தில். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே துக்கம் தொண்டையை அடைத்தது.

வோட்டர் ஐ.டி. அட்டையில் இருந்த தபால் தலை சைஸ் படத்தைப் பத்தடிக்கு இழுத்திருந்தார்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கறுப்புக் கட்டங்கள். மூக்கைக் காணோம். பக்கத்துத் தெருக்காரருக்கே யார் போனார்கள் என்று தெரிந்திருக்காது. ஃப்ளெக்ஸ்காரர் பாவம், தன்னால் ஆனதைச் செய்திருந்தார். கழுத்துக்குக் கீழே யாரோ ஒருவரின் பட்டுப்புடவையை ஒட்டி, பின்னால் ஸ்விட்சர்லாந்து மலையை வைத்திருந்தார்.

“வீட்டுல வேற போட்டோவே இல்லையாக்கா?” என்றேன்.

“கல்யாண ஆல்பத்துல ஓரமா நிக்கறாங்க தம்பி. பாதி மூஞ்சிதான் தெரியுது.”

அதே வீட்டில் அக்கா பையன் இருக்கிறான். காலேஜில் இரண்டாம் வருஷம். பாக்கெட்டில் போன். போனில் அன்றைக்கு இருந்த படங்கள், நானே பார்த்தேன், பதினோராயிரத்துச் சொச்சம். பைக், பரோட்டா, ஃபிரெண்ட்ஸ், சாயங்கால வானம், மறுபடியும் பைக். ஆயா ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் பையனுக்கு போட்டோகிராபி என்றால் உயிர். எட்டு மாசமாக ‘முதல் கேமரா எதை வாங்கலாம்?’ என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். வீடியோ விமர்சனங்களை எல்லாம் கரைத்துக் குடித்திருந்தான். எந்த கேமராவில் எத்தனை ஃபோகஸ் புள்ளி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அந்த எட்டு மாசமும் ராத்திரி அவனுக்குச் சோறு போட்டு, “கண்ணு கெட்டுடும், போய்ப் படுடா” என்று சொன்னவர் அந்த ஆயாதான்.

இதை அவனைத் திட்டுவதற்காக எழுதவில்லை. ஒரு இருபது வயதுப் பையனை, கையில் கேமரா இருக்கும்போதே கேமராவுக்காகக் காத்திருக்க வைத்தார்களே, அவர்களைத் திட்டுவதற்காக எழுதுகிறேன்.

* * *

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா போன் செய்தாள். “தம்பி, இவன்கூட ஒரு தடவை கடைக்குப் போய்ட்டு வாடா. செயினை வெச்சாவது வாங்கித் தரேன்னு வாய் விட்டுட்டேன். ஏமாந்துட்டு வந்து நிக்கப் போறான்.”

போனோம். ஒரு பெரிய ஊரில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். விற்பனையாளரும் பையன் வயசுதான். “பிகினர்னா இதான் சார் பெஸ்ட்!” என்று ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கி வைத்தார்.

“எதுக்கு பெஸ்ட்?”

“எல்லாத்துக்கும் சார்.”

நாங்கள் அங்கே இருந்த முக்கால் மணி நேரத்தில், ‘தம்பி, நீ எதைப் படம் எடுக்கப் போறே?’ என்ற ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வரவேயில்லை. என்ன உடம்புக்கு என்று கேட்காமலே மருந்துச் சீட்டு எழுதுகிற டாக்டரிடம் நாம் போவோமா? கேமரா கடையில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம்.

பெட்டியில் இருந்தது ‘காம்போ’. 24 மெகாபிக்ஸல் கேமரா, கூடவே இரண்டு ஜூம் லென்ஸ். ‘ஃப்ரீ’யாக ஒரு பை, ஒரு மெமரி கார்டு, ஒரு ட்ரைபாட். அந்த ட்ரைபாடை நான் பிரித்து நிறுத்திப் பார்த்தேன். காற்றடித்தால் ஆடும். காற்றடிக்காவிட்டாலும் ஆடும்.

“கையில காசு இல்லன்னா ஜீரோ பர்சென்ட் இ.எம்.ஐ. சார்!”

இந்த ஜீரோவைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை ப்ராசஸிங் கட்டணம் என்ற பெயரில் ஒளித்து வைக்கிறீர்கள் என்று கண்டித்தது. அதன் பிறகு பல இடங்களில் போர்டை ‘நோ காஸ்ட்’ என்று மாற்றி எழுதிக்கொண்டார்கள். எங்களுக்கு நீட்டிய தாளிலும் அந்தக் கட்டணம் கீழே எறும்பு சைஸில் உட்கார்ந்திருந்தது.

கடைக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? காரணம் இருக்கிறது. 2010-ல் ஜப்பானியக் கம்பெனிகள் உலகம் முழுக்க அனுப்பிய டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. மிச்சத்தை செல்போன் தின்றுவிட்டது. அதனால் கடைக்குள் வருகிற ஒருத்தரை ஒரு பொருளோடு அனுப்ப மனசு வருவதில்லை. ஆறு பொருளைக் கட்டித் தலையில் வைக்கிறார்கள். அவர்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அதற்கு அக்காவின் செயின்தானா கிடைத்தது?

* * *

மெகாபிக்ஸல் மூடநம்பிக்கையை முதலில் ஒழிப்போம். தகடு, தாயத்துக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல இது.

கணக்கு சுலபம். ஸ்டுடியோவில் நீங்கள் வாங்குகிற 4க்கு 6 அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சடிக்க அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 1,200 புள்ளி ஒரு பக்கம், 1,800 இன்னொரு பக்கம். பெருக்கினால் 21 லட்சத்து 60 ஆயிரம். அதாவது 2 மெகாபிக்ஸல் சொச்சம். சுவரில் மாட்டுகிற 8க்கு 12 அங்குலப் படத்துக்கு எட்டரைச் சொச்சம். உங்கள் ஃபுல் ஹெச்.டி. டி.வி. காட்டுவதே 2 மெகாபிக்ஸல்தான். 4கே டி.வி. என்றால் 8.3.

பத்தடி ஃப்ளெக்ஸுக்கு? சாதாரண 12 மெகாபிக்ஸல் போன் படத்தில் அகலவாக்கில் 4,000 புள்ளி இருக்கிறது. பத்தடி என்றால் 120 அங்குலம். அங்குலத்துக்கு 33 புள்ளி. எதிர்சாரியில் நின்று பார்க்கிறவருக்கு அது தாராளம். அதாவது, ஆயாவின் முகம் தெளிவாகத் தெரியத் தேவையான மெகாபிக்ஸல் எட்டு மாசமும் பையன் பாக்கெட்டிலேயே இருந்தது.

‘200 மெகாபிக்ஸல் போன்’ என்று விளம்பரம் வருகிறதே, அதிலும் ஒரு வேடிக்கை. அந்த சென்சார் சாதாரணமாக வேலை செய்யும்போது பதினாறு பிக்ஸலைச் சேர்த்து ஒன்றாக்கிக்கொள்ளும். கடைசியில் வருவது சுமார் 12 மெகாபிக்ஸல் படம். இருநூறு பேருக்குப் பந்தி என்று அழைப்பிதழ் அடித்துவிட்டு, பன்னிரண்டு இலை போடுகிற மாதிரி.

1975-ல் கோடாக் கம்பெனியில் ஸ்டீவன் சாஸ்ஸன் என்ற இளம் இன்ஜினீயர் உலகின் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். கிட்டத்தட்ட மூன்றரை கிலோ எடை. ஒரு படத்தை கேஸட்டில் பதிய 23 விநாடி. அதன் மொத்தப் புள்ளிகள் 10,000. மெகாபிக்ஸலில் சொன்னால் 0.01. ஒரு புள்ளி கூட்டுவதே சாதனையாக இருந்த காலம் அது. அந்தச் சாதனை முடிந்து பல வருஷம் ஆகிவிட்டது. விளம்பரம் மட்டும் இன்னும் முடியவில்லை.

* * *

சரி, எது முக்கியம்? வெளிச்சம்.

வெளிச்சத்தை மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் என்பது முற்றத்தில் வைத்த பாத்திரம். சின்ன பாக்கெட் கேமராவின் சென்சார் சுமார் 28 சதுர மில்லிமீட்டர். தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆர். அல்லது மிரர்லெஸ் கேமராவில் 330-லிருந்து 370 வரை. பழைய ஃபிலிம் அளவுள்ள ‘ஃபுல் ஃபிரேம்’ என்றால் 864. டம்ளர், குடம், அண்டா. வெயில் நேரத்தில் கொட்டுகிற மழையில் டம்ளரும் நிரம்பிவிடும். தூறலில்தான் அண்டாவின் அருமை தெரியும்.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து விடிய விடிய நடக்கும். ட்யூப் லைட் வெளிச்சம். துரியோதனன் கிறுகிறுவென்று சுற்றி வருகிறான். காம்போவில் வந்த ஜூம் லென்ஸை 55-ல் வைத்தால் அது திறக்கிற அதிகபட்சம் எஃப் 5.6. அதில் விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்திருக்க வேண்டும் என்று வையுங்கள். துரியோதனன் புகையாகத்தான் வருவான். அதே கேமராவில் எஃப் 1.8 திறக்கிற ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம். இருநூறில் ஒரு பங்கு நேரம் போதும். கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகூட நிற்கும். அந்த லென்ஸ் கண்ணாடிக் கடையில் இருக்கிற லென்ஸ்களிலேயே மலிவான ஜாதி. காம்போவில் மட்டும் அது இருக்காது. அதில் ஜூம் கிடையாதே! கிட்டப் போக வேண்டுமென்றால் காலால் நடக்க வேண்டும். நடந்தால் மனுஷனோடு பேச வேண்டியிருக்கும். பேசினால் படம் நன்றாக வந்துவிடும்.

ஹென்றி கார்ட்டியர்-பிரஸ்ஸோன் தெரியும்தானே? இருபதாம் நூற்றாண்டின் பெரிய போட்டோகிராபர்களில் ஒருவர். காந்தி சுடப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு அவரைப் படம் எடுத்தவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி காலமானபோது திருவண்ணாமலையில் இருந்தவர். விழுப்புரத்தில் காட்பாடி ரயில் ஏறினால் வந்துவிடுகிற அதே திருவண்ணாமலைதான். அவர் வாழ்நாளின் பெரும்பாலான படங்களை ஒரு சின்ன கேமரா, ஒரு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், இதை வைத்துத்தான் எடுத்தார். நம்ம பையனுக்கு 18-லிருந்து 300 வரை வேண்டுமாம். நிலாவைக் கிட்டத்தில் பார்க்கணுமாம்.

* * *

‘அப்போ போனே போதும்ங்கறியா?’ என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. அதுவும் ஒரு பொய்தான்.

ராத்திரிக் கூத்துக்குப் போன் திணறும். கல்யாண வேலையில் சம்பாதிக்க நினைக்கிறவருக்கு நிச்சயம் கேமரா வேண்டும். மரக்காணம் பக்கத்தில் கழுவெளி இருக்கிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாகி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம்பிடித்த ஏரி. அங்கே நடு நீரில் நிற்கிற பூநாரையைப் போனில் எடுத்தால் ஒரு ரோஸ் புள்ளி கிடைக்கும். அதற்கு நீள லென்ஸ்தான் கதி. போனில் விரலை விரித்துப் பெரிசாக்குகிற டிஜிட்டல் ஜூம் பெரும்பாலும் படத்தை வெட்டி ஊதுகிற வேலைதான். வோட்டர் ஐ.டி. படத்தை ஃப்ளெக்ஸுக்கு இழுத்த கதை.

ஆக, முதல் கேள்வி ‘எந்த கேமரா?’ அல்ல. ‘எதை எடுக்கப் போகிறேன்?’ அதற்குப் பதில் தெரியாதவர் ஒரு வருஷம் போனிலேயே எடுக்கட்டும். பதில் தானாக வரும். எந்த இடத்தில் போன் கையை விரிக்கிறதோ, அந்த இடத்துக்கு மட்டும் காசைச் செலவழியுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், பழையது வாங்க வெட்கப்படாதீர்கள். பழைய டி.வி.எஸ். வண்டியை நாலு பேரிடம் விசாரித்து வாங்குகிற ஊர்தானே நாம்? ஷட்டருக்கு ஆயுள் உண்டு. பல தொடக்கநிலை கேமராக்களில் சுமார் ஒரு லட்சம் தடவை. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுக்கிற ஸ்டுடியோ கேமரா முப்பத்து மூன்று கல்யாணத்தில் அந்த லட்சத்தைத் தொட்டுவிடும். எனவே எத்தனை ‘க்ளிக்’ ஆனது என்று கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். நம்ம கடலோர ஈரத்தில் அது சீக்கிரம் வரும். எஃப் 16-ல் வைத்து வானத்தை ஒரு படம் எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் அழுக்கு. பில் இல்லாமல் ‘சல்லிசா’ என்று எவராவது கொடுத்தால், நாளைக்கு அது திருட்டு கேமராவாக இருந்தால் ஸ்டேஷனில் நிற்பது நீங்கள்தான்.

லென்ஸ் மாட்டுகிற வாயையும் பாருங்கள். கேனான் ‘ஈ.எஃப்-எம்’ என்று ஒரு வரிசை வைத்திருந்தது. நம்ம ஊர் வீடியோக்காரர்கள் அதிலிருந்த எம்50-ஐ ஆசை ஆசையாக வாங்கினார்கள். 2023-ல் அந்த வரிசையையே மூடிவிட்டார்கள். அந்த லென்ஸ்கள் புது ஆர்.எஃப். கேமராக்களில் சேராது. அதற்கு முந்தைய பழைய ஈ.எஃப். லென்ஸ்களோ ஒரு அடாப்டர் போட்டால் சேரும். கேமரா உடம்பு ஐந்து வருஷத்தில் கிழடு. நல்ல லென்ஸ் இருபது வருஷம் உழைக்கும். பெண் பார்க்கப் போனால் குடும்பத்தையும் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி.

* * *

விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு என்று ஒரு சின்ன ஊர். அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் செய்தது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் மும்மூர்த்திக்கும் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையாகப் பொறித்து வைத்திருக்கிறான். அன்றைக்குக் கோயில் கட்ட ‘காம்போ’ என்றால் இந்த நாலும்தான். நாலும் இல்லாமல், எதிரே இருக்கிற பாறையே போதும் என்று ஆரம்பித்தான். தமிழ்நாட்டில் கல்லில் கோயில் எடுக்கிற கதையின் தொடக்கங்களில் ஒன்று அது.

பையனை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். “போன்ல எடுடா” என்றேன். முதலில் முறைத்தான். அப்புறம் துவாரபாலகர் மேல் சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுகிறவரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். எட்டு மாச ஆராய்ச்சியில் கற்காததை அன்றைக்குக் கற்றான். வெளிச்சத்துக்குக் காத்திருக்கணும். கேமராவுக்குக் காத்திருக்கக் கூடாது.

இன்னொன்றும் கற்க வேண்டும். அதை எந்தக் கடையிலும் விற்பதில்லை. கேட்டுவிட்டு எடுப்பது.

சித்திரை பௌர்ணமிக்குக் கூவாகம் போய்ப் பாருங்கள். முன்பு விழுப்புரம் மாவட்டம், 2019-லிருந்து கள்ளக்குறிச்சி. கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் தாலி அறுத்து அழுகிறார்கள். அந்த அழுகைக்கு அரையடி தூரத்தில் லென்ஸை நீட்டிக்கொண்டு ஒரு கூட்டம். பாதிப் பேர் போன மாசம் கேமரா வாங்கியவர்கள். “உங்களை எடுக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கிடையாது. உன் வீட்டுச் சாவில் உன் அக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழும்போது ஒருவன் இப்படி நுழைந்தால் விடுவாயா? கையில் கேமரா இருப்பது அடுத்தவர் துக்கத்துக்குள் நுழைய டிக்கெட் அல்ல. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற பெண்களை நிழலுருவமாக எடுத்துப் பரிசு வாங்குகிறவர்கள், ஒரு பிரிண்டாவது அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா?

பிரிண்ட் என்றதும் இன்னொரு கோபம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் தூசியில் கிடந்த படங்களைத் தேடித் தேடி டிஜிட்டல் ஆக்கினார்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய முகங்கள், கண்ணாடி நெகட்டிவில், காகிதத்தில் இன்றைக்கும் இருக்கின்றன. உங்கள் பதினோராயிரம் படமும் போன் ஒரு தடவை தண்ணீரில் விழுந்தால் போச்சு. மாசம் பத்துப் படத்தைத் தேர்ந்தெடுத்து அச்சுப் போடுங்கள். காம்போவின் ‘ஃப்ரீ’ பையைவிட அது மலிவு, நீண்ட நாள் உழைக்கும்.

* * *

கடைசியில் என்ன வாங்கினான்? விழுப்புரத்தில் தெரிந்த ஸ்டுடியோ அண்ணன் ஒருவரிடம் பழைய டி.எஸ்.எல்.ஆர். ஒன்று, அதோடு ஒரு ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். காம்போ விலையில் மூன்றில் ஒரு பங்கு. அக்காவின் செயின் கழுத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அண்ணனோடு கல்யாண வேலைக்குப் போகிறான்.

கேமரா வந்த முதல் ஞாயிறு, விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தான். நேராக எங்கம்மாவிடம் போய், “ஆயா, திண்ணையில உக்காரு” என்றான். அம்மாவுக்கு எழுபத்தெட்டு.

“எதுக்குடா இப்போ? போஸ்டர் அடிக்கவா?”

அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கேமராவைக் கீழே இறக்கிவிட்டான். அம்மாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. “சரி சரி, இரு. புடவை மாத்திட்டு வரேன்” என்று எழுந்தார்.

“வேணாம் ஆயா. இப்படியே இரு.”

அப்படியே இருந்தார். கையில் பாதி ஆய்ந்த முருங்கைக் கீரையோடு. படத்தைப் பெரிசாக அச்சுப் போட்டு மாட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முடியும் தெரிகிறது. அது எத்தனை மெகாபிக்ஸல் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.

நீங்கள் கேமரா வாங்குவது இருக்கட்டும். உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.